பதினேழு ரன் பாக்கி

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக் போட்ட பந்தை சச்சின் டெண்டுல்கர் தூக்கி அடித்தார். பந்து நேராக மேலே போனது. கீழே வாசிம் அக்ரம் நின்றார். இந்தியா ஜெயிக்க 17 ரன் பாக்கி. எனக்கு வயதும் அப்போது 17. கேட்ச் பிடிபட்டதும் நான் எழுந்து செருப்பைத் தேடினேன். மாமா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"எங்கடா போறே? இன்னும் மூணு விக்கெட் இருக்கு."

அந்த இழுப்பை நான் உடனே உணர்ந்து திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். அதற்கு அப்புறமும் இதே மைதானத்தில் இரண்டு பெரிய முடிவுகளை என் முட்டாள்தனத்தால் கோட்டை விட்டிருக்கிறேன். இப்போது மகளின் பள்ளித் தோழிகளுடைய பெற்றோர் சிலர், "பிள்ளைகளை டெஸ்ட் மேட்சுக்குக் கூட்டிப் போகலாமா, எங்கே உட்காருவது, என்ன எடுத்துப் போவது?" என்று என்னிடம் கேட்கிறார்கள். கோட்டை விட்டவனுக்குத்தான் இதெல்லாம் நன்றாகத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் மாமாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் அண்ணன். துறைமுகத்தில் எழுத்தர் வேலை, திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். வீட்டிலிருந்து மைதானத்துக்குப் பொடிநடையாகப் போய்விடலாம். மெல்போர்னுக்குக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் டெஸ்ட், சிட்னிக்குப் புத்தாண்டு டெஸ்ட் என்றால் சென்னைக்கு ஒரு காலத்தில் பொங்கல் டெஸ்ட் இருந்தது. மாமா வருடத்தை அதை வைத்துத்தான் எண்ணுவார். 1975 பொங்கல் என்றால் அவருக்கு வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸில் குண்டப்பா விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் எடுத்த 97. மொத்த அணியும் சேர்ந்து 190. "அந்த மூணு ரன் வராததுதான் அழகு" என்பார். 1977 பொங்கல் என்றால் இங்கிலாந்தின் ஜான் லீவர் நெற்றியில் ஒட்டியிருந்த வாசலின் தடவிய துணியை வைத்துப் பந்தைப் பளபளப்பாக்கினார் என்று எழுந்த விவகாரம். 1980 பொங்கலில் பாகிஸ்தானுக்கு எதிராக கவாஸ்கர் 166, கபில் தேவ் 84 ரன்னும் 11 விக்கெட்டும். என் அக்கா எந்த வருடம் பிறந்தாள் என்று கேட்டால் மட்டும் யோசிப்பார்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நீளமான கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வருவார். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி, விக்கெட்டுக்குப் பெருக்கல் குறி. காதில் டிரான்சிஸ்டர். அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. மைதானத்திலேயே உட்கார்ந்துகொண்டு எதற்கு வானொலி என்று நான் கிண்டல் செய்வேன். காரணம் பின்னால் வருகிறது.

1999-ல் பாகிஸ்தான் அணி 12 வருடம் கழித்து டெஸ்ட் ஆட இந்தியா வந்திருந்தது. வரக் கூடாது என்று சிவசேனைக்காரர்கள் டெல்லி கோட்லா மைதானத்தின் பிட்ச்சைக் கொத்திப் போட்டார்கள். அதனால் இரண்டாவதாக நடக்க வேண்டிய சென்னை டெஸ்ட் முதலாவதாக ஆனது. வாலாஜா சாலை முழுக்க போலீஸ். எனக்கு பிளஸ் டூ, திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. "சனி ஞாயிறு மட்டும்" என்ற ஒப்பந்தத்தில் வீட்டில் விட்டார்கள். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி சேப்பாக்கத்தில் இறங்கினேன். வாசலில் மாமா, கையில் புளியோதரை டப்பா.

சனிக்கிழமை நாங்கள் உட்கார்ந்த இடம் பிட்ச்சுக்குப் பக்கவாட்டில், மலிவு ஸ்டாண்டு. கண்ணுக்கு நேராக ஒரு தூண் வேறு. பழைய சேப்பாக்கத்துக்குப் போனவர்களுக்கு அந்தத் தூண்கள் ஞாபகம் இருக்கும். 2011 உலகக் கோப்பையை ஒட்டி ஸ்டாண்டுகளை இடித்துக் கட்டி, துணிக்கூரை போட்ட பிறகுதான் அந்தத் தொல்லை போனது. அன்று அஃப்ரிடி 141 அடித்தார். பாகிஸ்தான் 4 விக்கெட்டுக்கு 275. கதை முடிந்தது என்று எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்த நேரத்தில் வெங்கடேஷ் பிரசாத் வந்தார். 18 பந்தில் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 5 விக்கெட். பாகிஸ்தான் 286-க்கு ஆல் அவுட். ஆனால் பந்து என்ன செய்தது என்று எங்கள் இடத்திலிருந்து எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஸ்டம்பு விழுந்தால்தான் அவுட் என்று புரியும் நிலை.

அப்போது மாமா சொன்னதை இன்றும் பக்கவாட்டு டிக்கெட் வாங்குபவர்களுக்குச் சொல்கிறேன். பக்கத்திலிருந்து பார்த்தால் பந்து எங்கே குத்துகிறது, எவ்வளவு எழும்புகிறது என்பது பவுலருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரைவிட நமக்கு நன்றாகத் தெரியும். எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தெரியாது. அதனால் ஸ்டம்புக்குப் போகிற பந்து காலில் பட்டுவிட்டது, எல்பிடபிள்யூ என்று கேட்டுக் கத்தாதே, மானம் போகும். பந்தை விட்டுவிட்டுக் கீப்பரின் காலைப் பார். அவர் எந்தப் பக்கம் எட்டு வைக்கிறாரோ பந்து அந்தப் பக்கம் போகிறது. கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்லிப் ஃபீல்டர் ஒரு அடி முன்னால் வந்தால் பந்து சரியாக எழும்பவில்லை என்று அர்த்தம். ஒரு ஃபீல்டரை ஓசைப்படாமல் நகர்த்தினால் அடுத்த இரண்டு ஓவரில் ஏதோ நடக்கப் போகிறது. தொலைக்காட்சி பந்தின் பின்னாலேயே ஓடும், இதையெல்லாம் காட்டாது. காசு கொடுத்து மைதானத்துக்குப் போவதே இதற்குத்தான் என்பது என் கட்சி. பந்து திரும்புவதைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்து பவுலரின் கைக்குப் பின்னால் உட்காருங்கள்.

ஞாயிறு காலை இந்தியா 2 விக்கெட்டுக்கு 40. இலக்கு 271. வாசிம் பந்தில் திராவிட் போல்டு. அசார் போனார். கங்குலியும் போனார், 5 விக்கெட்டுக்கு 82. கங்குலி கொடுத்த கேட்ச் தரையில் பட்டு எழும்பியதா என்பது இன்றும் பேசப்படும் சந்தேகம். எங்களுக்கு அங்கிருந்து எதுவும் தெரியவில்லை. மாமா டிரான்சிஸ்டரைக் காதோடு அழுத்திக் கேட்டுவிட்டு, நோட்டில் பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். வானொலி எதற்கென்று அப்போது புரிந்தது. இப்போது போனில் நேரலை பார்க்கலாம் என்கிறார்கள். அது சில நொடிகள் பின்தங்கித்தான் வரும், பக்கத்து ஸ்டாண்டு கத்தி முடித்த பிறகு உங்கள் போனில் பவுலர் ஓடிவந்துகொண்டிருப்பார். ரீப்ளேக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு முன் வரிசையில் ஒருவர் காலையிலிருந்து எல்லைக்கோட்டில் நின்ற பாகிஸ்தான் ஃபீல்டரைத் திட்டிக்கொண்டே இருந்தார். எழுத முடியாத வார்த்தைகள். சென்னை ரசிகர்கள் எல்லோரும் பண்பின் சிகரம் என்று வெளியூரில் ஒரு பேச்சு உண்டு, அந்த ஸ்டாண்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்த நினைப்பு போய்விடும். நான் சண்டைக்குப் போகலாமா என்று பார்த்தேன். மாமா டப்பாவைத் திறந்து அவரிடம் நீட்டி, "சார், அந்தப் பையன் யாரு? முதுகு இந்தப் பக்கம் இருக்கறதால தெரியல. எழுதிக்கணும்" என்றார். அந்த ஆள் திட்டுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துப் பெயரைச் சொன்னார். அப்புறம் அந்த ஃபீல்டரின் எறியும் கை எப்படி என்று விளக்க ஆரம்பித்தார். அப்புறம் புளியோதரையில் கடலை கம்மி என்றார். மதியத்துக்குள் மாமாவுக்கு நண்பர் ஆகிவிட்டார்.

சச்சினும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் சேர்த்தார்கள். சச்சின் தனியாக எடுத்ததும் அதே 136 என்பது மாமாவுக்குப் பின்னால் பல வருடம் சொல்லிக்கொண்டே இருக்க ஒரு விஷயமாகக் கிடைத்தது. மோங்கியா 52-ல் போனார். சச்சினுக்கு முதுகு பிடித்துக்கொண்டது எங்களுக்கே தெரிந்தது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் அப்புறம் குனிந்து நிமிர்ந்தார். வலி தாங்காமல் சீக்கிரம் முடித்துவிடப் பார்த்தார். அதற்கப்புறம்தான் நான் முதலில் சொன்ன அந்தப் பந்து.

மாமா என்னை இழுத்து உட்கார வைத்த பிறகு வந்தது மொத்தம் 4 ரன். கும்ப்ளே, சுனில் ஜோஷி, கடைசியில் ஸ்ரீநாத் போல்டு. 258. 12 ரன்னில் தோல்வி. சக்லைனுக்கு இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட்.

முதலில் சத்தமே இல்லை. சாவு வீடு மாதிரி. பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் நடுவில் கட்டிப்பிடித்துக் கொண்டிருந்தார்கள், அவர்கள் போடும் கூச்சல் ஸ்டாண்டு வரை கேட்டது. எந்தப் பக்கம் தொடங்கியது என்று தெரியவில்லை, எங்கோ கைதட்டல் கேட்டது. பக்கத்து ஸ்டாண்டு எழுந்தது. அப்புறம் எங்கள் ஸ்டாண்டு. வாசிம் தன் ஆட்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். எல்லோரும் நின்றுகொண்டு தட்டினார்கள். முன் வரிசைக்காரரும் தட்டினார்.

நான் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாமா திரும்பிப் பார்த்து, "நல்லா ஆடினாங்கடா. தட்டு" என்றார். தட்டினேன். பெருந்தன்மையில் தட்டினேன் என்று இப்போது கதை கட்டலாம், அப்படி இல்லை. மாமா சொன்னதால் தட்டினேன். திரும்பும்போது ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கைதட்டல் அன்று வானத்திலிருந்து குதித்தது அல்ல. இரண்டு வருடம் முன்னால், 1997 மே மாதம், இதே மைதானத்தில் பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194 அடித்து, ஒருநாள் ஆட்டத்தில் ஒருவர் எடுத்த அதிக ரன் என்றிருந்த விவ் ரிச்சர்ட்ஸின் 189 ரன் சாதனையை முறியடித்தார். கத்தரி வெயிலில் தசை பிடித்துக்கொண்டு, அஃப்ரிடியை ரன்னராக வைத்து ஓடவிட்டு அடித்தார். அன்றும் கூட்டம் எழுந்து தட்டியது. மாமா அதற்கும் போயிருந்தார். பழகியிருந்த கை.

சென்னை டெஸ்ட் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, கல்கத்தாவில் ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஆட்டம். சோயப் அக்தர் மீது மோதி சச்சின் ரன் அவுட் ஆனார். ஈடன் கார்டன்ஸ் கொந்தளித்துவிட்டது. கடைசி நாள் போலீஸ் ஸ்டாண்டுகளைக் காலி செய்த பிறகு, ஆளே இல்லாத மைதானத்தில் ஆட்டம் முடிந்தது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே நான் "நம்ம ஊர்னா நம்ம ஊர்தான்" என்றேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சச்சின் அங்க ரன் அவுட் ஆன மாதிரி இங்க ஆகியிருந்தா என்ன நடந்திருக்கும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது.

மே மாதம் கார்கில் போர் வந்தது. தெருவில் ஒருவர் மாமாவை நிறுத்தி, "அன்னைக்கு எழுந்து நின்னு தட்டினீங்களாமே" என்றார். "சக்லைன் போட்ட பந்துக்குத் தட்டினேன். குண்டு போட்டவனுக்கா தட்டினேன்?" என்று சொல்லிவிட்டு மாமா தண்ணீர் லாரி வரிசையில் போய் நின்றுகொண்டார். கார்கில் நிதிக்கு அவர் ஒரு நாள் சம்பளம் கொடுத்ததும் எனக்குத் தெரியும், அதை அந்த ஆளிடம் சொல்லவில்லை. கடந்த வருடம், 2025 செப்டம்பரில் துபாயில் ஆசியக் கோப்பை ஆட்டம் முடிந்து இந்திய ஆட்டக்காரர்கள் பாகிஸ்தான்காரர்களுடன் கைகுலுக்காமல் போனபோது, மகள் ஏன் என்று கேட்டாள். பஹல்காமில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ மாமா தாத்தா இருந்தா என்ன சொல்வார்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாமா 2011-லேயே போய்விட்டார்.

சரி, நான் கோட்டை விட்ட கதைக்கு வருகிறேன்.

2001 மார்ச் 22, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடரின் கடைசி டெஸ்ட், ஐந்தாம் நாள். தொடர் சமநிலையில். ஹர்பஜன் அந்த ஆட்டத்தில் 15 விக்கெட் எடுத்திருந்தார். இந்தியாவுக்கு 155 ரன் இலக்கு. கல்லூரி நண்பர்களோடு போயிருந்தேன். காலையில் சாப்பிடவில்லை, வரிசையில் நிற்க வேண்டும் என்ற அவசரம். தலையில் தொப்பி இல்லை, தலை சீவியது கலைந்துவிடும் என்று. தாகத்துக்கு கலர் கலராகக் குளிர்பானம். மார்ச் வெயில். சமீர் டிகே ஒரு பக்கம் நின்று ஆடிக்கொண்டிருந்தார், விக்கெட்டுகள் மறுபக்கம் போய்க்கொண்டிருந்தன. எழுந்து கத்தினேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்து ஞாபகம் இருப்பது ஸ்டாண்டுக்குக் கீழே படிக்கட்டு நிழலில் படுத்திருந்தது, யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தது. தலைக்கு மேலே சிமென்ட் அதிர்ந்தது. ஹர்பஜன் வெற்றி ரன் அடித்துவிட்டார், 2 விக்கெட்டில் வெற்றி. என் வாழ்க்கையின் மிகப் பெரிய டெஸ்ட் வெற்றியைக் காதால்தான் பார்த்தேன்.

மாமா வீட்டுக்குப் போனதும் திட்டவில்லை, 1986 கதையைச் சொன்னார். செப்டம்பர் மாதம், இதே மைதானம். டீன் ஜோன்ஸ் 210 அடிக்கும்போது களத்திலேயே வாந்தி எடுத்தார். ஆட்டமிழந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அந்த டெஸ்ட்தான் இரண்டு அணியின் ரன்னும் சமமாகி டை ஆனது. கடைசி ஓவரில் மனிந்தர் சிங்குக்கு எல்பிடபிள்யூ, மறுமுனையில் ரவி சாஸ்திரி 48-ல் நிற்கிறார். டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒரு டை, 1960-ல் பிரிஸ்பேனில். "ஆடறவனுக்கே டிரிப்ஸ் ஏறின ஊருடா இது. நீ தொப்பி போட மாட்டியா?"

அன்றிலிருந்து மாமாவின் விதி ஒன்றை விடாமல் கடைப்பிடிக்கிறேன். களத்தில் அவர்களுக்குத் தண்ணீர் வரும்போதெல்லாம் நானும் குடிக்கிறேன், தாகம் இருக்கிறதோ இல்லையோ. கூல் டிரிங்க்ஸ் தாகத்தைக் கூட்டும், தண்ணீர்தான். காலையில் இட்லி சாப்பிட்டு உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர் குடித்துவிட்டுக் கிளம்புவது. மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்று சட்டைப்பையில். வெளியிலிருந்து பாட்டிலும் பெரிய பையும் உள்ளே விடமாட்டார்கள், பவர் பேங்க், சில்லறைக் காசுகூடச் சில நேரம் வாசலில் போய்விடும், அதனால் துணித்தொப்பி, கைக்குட்டை, நோட்டு, பென்சில் போதும். கைக்குட்டையை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், பார்க்க நன்றாக இருக்காது, வேலை செய்யும். டிக்கெட் எடுக்கும்போது மதியத்துக்கு மேல் மேற்கு வெயில் முகத்தில் அடிக்காத பக்கமாகப் பாருங்கள். மதியம் கடற்காற்று திரும்பும் வரைதான் கஷ்டம், அது வந்துவிட்டால் சேப்பாக்கம் வேறு ஊர். வண்டி எடுத்துப் போகாதீர்கள். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், இல்லையென்றால் மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி நடந்துவிடலாம்.

அடுத்த கோட்டை. 2004 அக்டோபர், மறுபடி ஆஸ்திரேலியா. கும்ப்ளே ஆட்டத்தில் 13 விக்கெட், சேவாக் 155. கடைசி நாள் 210 ரன் வேண்டும், பத்து விக்கெட்டும் கையில். சேவாக் நிற்கிறார். திங்கட்கிழமை, அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போனேன். மழை. நாள் முழுக்க மழை. ஒரு பந்து போடவில்லை. மூடிய பிட்ச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது.

அந்தக் கடுப்பில்தான் 2008 டிசம்பரில் தப்பு செய்தேன். மும்பை தாக்குதலுக்கு அப்புறம் நாட்டுக்குத் திரும்பிப் போன இங்கிலாந்து அணி, மறுபடி வந்து ஆடிய டெஸ்ட். அகமதாபாத்தில் நடக்க வேண்டியது சென்னைக்கு வந்தது. ஸ்ட்ராஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதம். இலக்கு 387. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன், சேவாக் 68 பந்தில் 83 அடித்ததைப் பார்த்தேன். கடைசி நாள் திங்கள். இன்னும் 256 வேண்டும், சென்னை ஐந்தாம் நாள் பிட்ச்சில். இது ஆகிற காரியமா, எப்படியும் டிரா அல்லது தோல்வி, இன்னொரு பொய்க் காய்ச்சல் எதற்கு என்று டிக்கெட்டை அலுவலக வாட்ச்மேன் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். சச்சின் 103, யுவராஜ் 85, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. சச்சின் ஸ்வானை ஸ்வீப் செய்து நான்கு அடித்து, அந்த அடியில் சதமும் வெற்றியும் சேர்ந்து வந்தது. மும்பைக்காக இந்தச் சதம் என்றார் சச்சின். நான் எக்செல் ஷீட்டில் இருந்தேன். மறுநாள் அந்தப் பையன் வந்து, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். 1999-ல் 17 ரன்னை விட்ட சச்சின் அந்தக் கணக்கைத் தீர்த்ததாக எனக்கு ஒரு எண்ணம், அதைப் பார்க்கும் பாக்கியம் அவனுக்கு.

மாமாவுக்குப் போன் செய்து சொன்னேன். சிரித்தார். சட்டையைப் பிடித்து இழுக்க அவர் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

மகளை முதல் முறை கூட்டிப் போனது 2023 உலகக் கோப்பைக்கு. அக்டோபர் 23, ஆயுத பூஜை. புத்தகத்தைப் பூஜையில் வைத்தாயிற்று, படி என்று சொல்ல யாருக்கும் வாயில்லை. பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் முழு ஆட்டத்தையும் பார்க்கச் சொல்லாதீர்கள், பத்து ஓவரில் ஐஸ்கிரீம் கேட்பார்கள். ஒரே ஒரு ஆளைக் காட்டி, ஐந்து ஓவருக்கு அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவளுக்கு ரஷித் கானைக் காட்டினேன். ஐந்து ஓவர் முடிந்து, "அவர் எல்லார்கிட்டயும் பேசிட்டே இருக்கார்ப்பா, கேப்டனைவிட" என்றாள். எனக்கே அது கண்ணில் பட்டதில்லை.

ஆப்கானிஸ்தான் 283 இலக்கை 2 விக்கெட் மட்டும் இழந்து எட்டிப் பிடித்தது. ஒருநாள் ஆட்டத்தில் பாகிஸ்தானை அவர்கள் வென்றது அதுவே முதல் முறை. ஸ்டாண்டு முழுக்க ஆப்கானிஸ்தானுக்கு ஆதரவு. அதில் அவர்கள் மீது பாசம் எவ்வளவு, பாகிஸ்தான் தோற்கட்டும் என்பது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஆட்டநாயகன் இப்ராஹிம் ஸத்ரான், பாகிஸ்தானிலிருந்து திருப்பி அனுப்பப்படும் ஆப்கன் மக்களுக்கு அந்த விருதைக் காணிக்கை ஆக்கினார். நமக்குத் தெரியாத ஒரு பகை அங்கே ஓடிக்கொண்டிருந்தது, நாம் நம் கணக்கில் விசில் அடித்துக்கொண்டிருந்தோம். பின் வரிசையில் ஒருவர் பாகிஸ்தான் ஃபீல்டரை நோக்கி வாயைத் திறந்தார். நான் திரும்பி, "சார், அது யாரு? பொண்ணு எழுதணுங்கறா" என்றேன். இருபத்து நான்கு வருடம் கழித்தும் அது வேலை செய்தது. புளியோதரை இல்லாமலேயே.

எழுதணும் என்றது பொய் இல்லை. மாமாவின் நோட்டுகளில் மூன்று என்னிடம் வந்தன. கடைசி நோட்டில் பாதிப் பக்கம் காலி. அதில்தான் இவள் எழுதுகிறாள். கையால் எழுதினால் ஒரு பந்துகூடத் தப்பாது, போனை எடுக்க நேரமும் இருக்காது. முதலில் ஓவர் முழுக்க வேண்டாம், விக்கெட்டும் நான்கும் மட்டும் குறிக்கச் சொல்லுங்கள், தானாகப் புள்ளிக்கு வருவார்கள். இவள் முன் பக்கங்களைப் புரட்டி, கங்குலி பெயருக்குப் பக்கத்தில் இருந்த கேள்விக்குறியைக் கண்டுபிடித்து, அது என்ன ரூல் என்று கேட்டாள்.

2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிரான டெஸ்ட். இந்த முறை விடுவதாக இல்லை. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளுக்கும் எடுத்தேன், திங்களுக்கு முறையாக விடுப்பும் எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை கில்லும் பந்த்தும் சதம் அடித்தார்கள். ஞாயிறு காலை அஸ்வின் ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தார். ஷான்டோ 82-ல் போகும்போது எங்கள் வரிசையில் தட்டியது இவள் ஒருத்திதான். நான் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன், பென்சிலை வாயில் கவ்விக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. 280 ரன்னில் வெற்றி. ஐந்தாம் நாள் டிக்கெட் பையில் அப்படியே இருந்தது. ரயிலில் நோட்டைப் பார்த்தேன். திங்களுக்கும் சேர்த்து முதல் நாள் ராத்திரியே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மேலே "ஐந்தாம் நாள்" என்று தலைப்பு எழுதி வைத்திருந்தாள். அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்ப்பா. அடுத்த டெஸ்டுக்கு ஆகும்."